இருபத்தொன்பது பேரின் எச்சில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் எச்சிலைப் பற்றிப் பேசுவதற்காக என் அலுவலகத்துக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை செய்வதில்லை. மற்ற நாட்களிலும் செய்ய விருப்பமில்லைதான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜ் மாடியில் 'நாகபூஷணம் டிடெக்டிவ் ஏஜென்சி' என்று போர்டு மாட்டி எட்டு வருஷமாகிறது. போலீஸ் வேலையை விட்டு வந்தபோது கொலை, கொள்ளை என்று என்னென்னவோ கனவு கண்டேன். கிடைத்ததெல்லாம் அமெரிக்க மாப்பிள்ளைகள். பையன் நிஜமாகவே சாஃப்ட்வேரா, குடிப்பானா, அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். நான் விசாரித்துச் சொல்வேன். இந்த 2008 ஜூன் வரைக்கும் நூற்றுப் பத்து மாப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். போதும் போதும் என்றிருக்கிறது.

உதவியாளர் மல்லிகா நாற்பது வயதுக்காரி. இதே லாட்ஜின் கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். செல்போன் வந்து பூத்தை மூடவைத்ததும் மாடியேறி என்னிடம் வந்துவிட்டாள். பத்து வருஷம் ஊரார் போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, இந்தத் தொழிலில் நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

"மாப்பிள்ள பேரு சொல்லும்மா" என்றாள் மல்லிகா, நோட்டைத் திறந்துகொண்டே.

"மாப்பிள்ளை இல்லீங்க. எச்சில்."

"பரவால்ல, நேரா விஷயத்துக்கு வந்துட்ட."

பெண்ணின் பெயர் சிவசங்கரி. புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். திருப்பதியில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். கண்ணைப் பார்த்தால் இரண்டு நாளாகத் தூங்காதவள் என்று தெரிந்தது. மல்லிகாவிடம் டீ சொல்லச் சொன்னேன். டீ வருவதற்குள் அவள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"நம்ம நாக்குல இருக்கிற செல்லுங்களுக்கு மேல, வாசல்ல வாட்ச்மேன் உக்காந்துக்கினு இருக்கற மாதிரி ஒரு புரதம் இருக்கும் சார். ஏற்பின்னு சொல்லுவோம். கசப்பான பொருள் வந்து அதைத் தொட்டா, அது செல்லுக்கு உள்ளே சேதி அனுப்பும். விஷச் செடியைத் துன்னுட்டு சாகாம இருக்கறதுக்காக லட்சக்கணக்கான வருஷத்துல உண்டான ஏற்பாடு. கசப்புக்கு மட்டும் இருபத்தஞ்சு வகை வாட்ச்மேன் இருக்காங்க."

"எங்க அபார்ட்மென்ட்டுக்கே ஒருத்தன்தான்" என்றாள் மல்லிகா. "அவனும் தூங்கிக்கினு இருப்பான்."

"அதேதான்க்கா. சில பேருக்கு ஒரு வாட்ச்மேன் வேலை செய்யாது. அந்தப் புரதத்துக்கான ஜீன்ல எங்கியோ ஒரு எழுத்து மாறியிருக்கும். வேப்பிலை கசக்கும், அதுக்கு வேற வாட்ச்மேன் இருக்கான். ஆனா இது கசக்காது." பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஏதோ மருந்தில் தோய்த்து உலர்த்திய, விரல் நீள வெள்ளைக் காகிதத் துண்டுகள் இருந்தன.

மல்லிகா கேட்காமலே ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடித் துப்பினாள். எனக்கும் அப்படித்தான் கசந்தது. டீ வந்து குடித்த பிறகும் போகவில்லை.

விஷயம் இதுதான். ஆந்திரா, தமிழ்நாடு எல்லையோர ஊர்களில் இந்த ஜீன் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பதுதான் சிவசங்கரியின் ஆராய்ச்சி. ஊர் ஊராகப் போய்க் குழாயில் எச்சில் வாங்கி வரும் வேலை ரமணா என்ற தற்காலிக ஊழியனுடையது. சித்தூருக்குத் தெற்கே எருக்கமேட்டிலும் அதை ஒட்டிய நாலு குக்கிராமங்களிலும் முப்பத்தொரு பேரிடம் வாங்கி வந்திருக்கிறான். அவர்கள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. பெங்களூருக்கு அனுப்பி அந்த ஜீனை மட்டும் படித்துப் பார்த்தால் இருபத்தொன்பது குழாயில் ஒரே மாதிரி உடைந்த ஜீன். உலகத்தில் வேறெங்கும் யாரும் பார்த்திராத உடைப்பு.

"இருபத்தொன்பதும் ஒரே ஆள் எச்சிலுன்னு எங்க டைரக்டர் ஹரிபாபு சார் சொல்றாரு. ரமணா அந்த ஊர்க்காரன்தான். வெயில்ல அலைய சோம்பேறித்தனப்பட்டு ஒரு புளியமரத்தடில உக்காந்து அவனே துப்பி அடைச்சிட்டான்னு சொல்றாரு. குழாயை எல்லாம் பூட்டி சீல் வெச்சிட்டாங்க. ரமணாவோட எச்சிலை எடுத்து அனுப்பிப் பாக்கலாம், ஆனா பதில் வர பத்து நாள் ஆகும். நாளைக்குக் காலைல கமிட்டி உக்காருது. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி அமெரிக்காவுல ஒரு லேப்ல நான் சேரணும் சார். எங்க பக்கத்துல இருந்து அப்படி யாரும் போனதில்லை. என் ஆராய்ச்சில மோசடின்னு ஒரு வரி எழுதினாங்கன்னா எல்லாம் போச்சு. ரமணா ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டா தப்பு அவனோட போயிடும். அவன் போனை எடுக்க மாட்டேங்கறான். நீங்க போலீஸ்ல இருந்தவரு. எழுதி வாங்கிக் குடுங்க."

"எழுதி வாங்கணுமா, உண்மையை வாங்கணுமா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

முப்பது வருஷ சர்வீஸில் அது இரண்டும் ஒன்றாக இருந்ததை நான் ஐந்தாறு தடவைதான் பார்த்திருக்கிறேன். எச்சில் கொடுத்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன்.

"எல்லாரும் இருபத்தொன்பதைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. மீதி ரெண்டு குழாய் யாருடையது?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஒன்றாம் எண், வெங்கடலட்சுமி. முப்பத்தோராம் எண், செங்கம்மா.

"துப்பித் துப்பி வாய் காஞ்சு போயிருக்கும். போற வர்ற ரெண்டு பொம்பளைங்கள கூப்பிட்டிருப்பான்" என்றாள் மல்லிகா.

"காஞ்சு போன பிறகு கூப்பிட்டிருந்தா முப்பதும் முப்பத்தொண்ணும்தான் வேறயா இருக்கணும். ஒண்ணாம் நம்பரே வேற ஆளுடையது. ஆரம்பத்துலயே வாய் காயுமா?"

மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காகித டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நான் கார் சாவியை எடுத்தேன். முழங்கால் வலித்தது.

சித்தூர் போய்ச் சேர இரண்டு மணி நேரமானது. மாங்காய்ப் பருவம். கூழ் ஃபேக்டரிகளின் வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் இரண்டு கிலோமீட்டருக்கு நின்றுகொண்டிருந்தன. இனிப்பும் அழுகலும் கலந்த வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பருவத்தில் எருக்கமேட்டுப் பெண்களில் பாதிப்பேர் இங்கேதான் இருப்பார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மூன்றாவது ஃபேக்டரியில், நீலத் தொப்பியோடு கைகழுவ வெளியே வந்த செங்கம்மாவைப் பிடித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மஞ்சளாக இருந்தது.

"ரமணாவுக்கு எச்சில் குடுத்தீங்களாம்மா?"

"குடுத்தேனே! ஒரு தபா இல்ல சார், ரெண்டு தபா. மொத தபா வெத்தல போட்டுக்கினு இருந்தேன். வாய கொப்புளிச்சிட்டு அரை மணி நேரம் ஒண்ணும் துன்னாம உக்காருன்னுட்டான். எம் மாமியாருக்கு முன்னால கூட நான் அவ்ளோ நேரம் வாய மூடிக்கினு இருந்ததில்ல."

"ஊர்ல மத்தவங்ககிட்டயும் வாங்கினானா?"

"வாங்காம? மூணு ஞாயித்துக்கெழம வந்தான். அவன பாத்தாலே பசங்க துப்பிக் காட்டுவாங்க."

மல்லிகா காகிதத்தை நீட்டினாள். செங்கம்மா அதை நாக்கில் வைத்தாள். "தூ! இன்னாயா இது, எலி மருந்தா?" என்று குழாயடிக்கு ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்தவளிடம், எருக்கமேடுதான் பிறந்த ஊரா என்று கேட்டேன்.

"நான் வெதுருகுப்பத்துக்காரி. எங்க வூட்டுக்காரருக்கு மொறப் பொண்ணு இல்ல, அதனால வெளிய வந்து என்ன கட்டுனாரு. அந்த அஞ்சு ஊர்லயும் வெளியூர்க்காரிங்க ரெண்டே பேருதான் சார். ஒண்ணு நானு. இன்னொண்ணு ரமணாவோட அம்மா, வெங்கடலட்சுமி."

மல்லிகா பட்டியலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்றும் முப்பத்தொன்றும். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக எனக்குத் தூக்கம் கலைந்தது.

எருக்கமேட்டுக்குப் போனபோது மணி இரண்டு. வெங்கடலட்சுமியின் வீடு மற்ற வீடுகளை விட்டுத் தள்ளி, ஏரிக்கரைப் பக்கம் தனியாக இருந்தது. காகிதத்தை நாக்கில் வைத்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். மகனுக்கு ஏதாவது ஆபத்தா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது பொய்யாகிவிடக்கூடாது என்ற கவலை வந்துவிட்டது.

மீதி இருபத்தொன்பது பேரில் பதினேழு பேர்தான் ஐந்து ஊரிலும் சேர்த்து அகப்பட்டார்கள். மற்றவர்கள் பெங்களூரில் கட்டட வேலையிலும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலும் இருந்தார்கள். எதற்கு என்று சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதம் கொடுத்தோம். காகிதம் வீணாய்ப் போயிருக்கலாம் அல்லவா? அதனால் ஒவ்வொருவர் நக்கிய பிறகும் அதே டப்பாவிலிருந்து மல்லிகா ஒன்றை நக்கிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் கங்கையா என்ற அறுபது வயது விவசாயி. வாயில் வைத்துச் சப்பினார். "காகிதம்தான். இதுல இன்னா இருக்குது?" என்றார். மல்லிகா வேலியோரம் துப்பினாள். அடுத்தவர் வெறும் காகிதம் என்றார். மூன்றாவது ஒரு கல்லூரிப் பெண், "டேஸ்ட்டே இல்லயேக்கா" என்று இன்னொன்று கேட்டாள். பதினேழு பேர். ஒருத்தருக்கும் கசக்கவில்லை.

"சார், இன்னும் ஒண்ணு நக்கச் சொன்னீங்கன்னா ராஜினாமா" என்றாள் மல்லிகா. கண்ணில் தண்ணீர் நின்றது.

ரமணாவைக் காப்பாற்ற ஊரே கூடி நடிக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. போலீஸ் புத்தி போகுமா? கங்கையாவிடம் கேட்டேன், ரமணா உங்களுக்கு வேண்டியவனா என்று.

"அவனா? அவங்க நைனா எங்க பங்காளிதான். எங்க அக்கா பொண்ண கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு, ரேணிகுண்டாவுல எவளையோ பாத்து இட்டுக்கினு வந்துட்டான். நாங்க அவங்கள தள்ளி வெச்சிட்டோம். எச்சில் கேட்டான், குடுத்தோம். சோறு கேட்டா குடுக்க மாட்டோம்." அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"உறவுக்காரங்ககிட்ட எடுக்கக்கூடாதுன்னு அவனுக்கு உத்தரவு. உங்ககிட்ட எப்படி விசாரிச்சான்?"

"நீ செத்தா யாரெல்லாம் பதினாறு நாள் தீட்டு காப்பாங்கன்னு கேட்டான். பேருங்கள சொன்னேன். அவங்கள எல்லாம் வுட்டுட்டு வேற வகையறா ஆளுங்ககிட்ட போனான். தோ, இவரு மாதிரி." பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

"எங்க அக்கா வூட்டுக்காரரு. இவரு தங்கச்சிதான் எம் பொண்டாட்டி."

"உங்க அம்மா?"

"இவங்க அப்பாவோட தங்கச்சி. எம் பொண்ண இவரு பையனுக்குக் குடுத்துக்கிறேன். இவரு தம்பி பொண்ண..."

"போதும் சார்" என்றாள் மல்லிகா. "இது ஊரு இல்ல, பின்னல் ஜடை."

புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். ரமணா புளியமரத்தடியில் உட்காரவே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வீடு வீடாக அலைந்திருக்கிறான். பங்காளிகளை ஒழுங்காக விலக்கியிருக்கிறான். பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். பங்காளி இல்லாதவனிடம்தான் எடுப்பார்கள், அவனுக்கே கொடுப்பார்கள். இந்த ஊரில் பங்காளி இல்லை என்றால் மாமன், மச்சான், சம்பந்தி என்று அர்த்தம். பத்துத் தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு பாட்டனுக்கோ பாட்டிக்கோ உடைந்த ஜீன், ஐந்து ஊரைத் தாண்டி வெளியே போக வழியில்லாமல், சுற்றிச் சுற்றி இவர்களுக்குள்ளேயே அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறது. ரமணா உறவைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு உறவாகவே பொறுக்கி எடுத்திருக்கிறான். வெளியே இருந்து வந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் கசக்கிறது.

சிவசங்கரிக்கு மல்லிகா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திருப்பதி ஆராய்ச்சி நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது இரவு எட்டு. டைரக்டர் ஹரிபாபு அறையில் அவரும் சிவசங்கரியும் இருந்தார்கள். ஹரிபாபு கெட்ட மனிதர் போலத் தெரியவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைக்கும் மனிதர். மூலையில் ஒரு ஸ்டூலில், ஆள் விட்டு வரவழைத்திருந்த ரமணா ஒல்லியாக உட்கார்ந்திருந்தான்.

"உங்க வேலை முடிஞ்சது சார். வீணா அலைஞ்சீங்க" என்றார் ஹரிபாபு. மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. இருபத்தொன்பது குழாயிலும் நானே துப்பினேன் என்று தெலுங்கில் எழுதி, கீழே ரமணா கையெழுத்துப் போட்டிருந்தான்.

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் டப்பாவைத் திறந்தாள். சாதாரண வெள்ளைக் காகிதத்தையும் அதே அளவில் கிழித்து நாலைந்து துண்டு கலந்துகொண்டாள். "தம்பி, கண்ண மூடிக்கினு வாய தொற" என்றாள். முதல் துண்டுக்கு அவன் சும்மா இருந்தான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு உடம்பே குலுங்கியது. நான்காவது சும்மா. ஐந்தாவதைத் துப்பிவிட்டான். அந்த இரண்டு மட்டும்தான் மருந்துக் காகிதம்.

"அந்த இருபத்தொன்பது குழாய்க்குச் சொந்தக்காரனுக்கு இது கசக்கக்கூடாது" என்றேன். "இவனுக்குக் கசக்குது. கடிதம் பொய்."

அப்புறம் எருக்கமேட்டுக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது சிவசங்கரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ தப்பு என்னுது" என்றாள் மெதுவாக. "ஃபாரத்துல 'உறவினர் அல்லாதோர்'னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தேன். உறவுன்னா அவன் யாரை நினைச்சிக்குவான்னு நான் கேக்கவே இல்ல. நானும் அந்தப் பக்கத்துக்காரிதானே? எங்க வீட்டுலயும் மாமன் பொண்ணைத்தானே கட்டறாங்க? எனக்குத் தோணியிருக்கணும்."

"இத அப்படியே எழுதினா, ஆராய்ச்சிக்குத் திட்டம் போட்ட விதமே தப்புன்னு ஆயிடும்மா" என்றார் ஹரிபாபு. "அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் மறுபடி செய்யச் சொல்லுவான். ஆகஸ்ட் போயிடும். அந்த இடமே போனாலும் போயிடும். கடிதம் இருக்கு. இவனே மனசாரப் போட்ட கையெழுத்து. இவனுக்கு இன்னா, இது இல்லைன்னா இன்னொரு வேலை."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நான் பேச வேண்டிய இடம் அது இல்லை.

"ஏன் ரமணா கையெழுத்து போட்ட?" என்று கேட்டாள் சிவசங்கரி.

"நீங்க போறது நின்னுடும்னாங்க மேடம். உண்மைய சொன்னேன், யாரும் நம்பல. சரி, நம்பாதவங்ககிட்ட எத்தினி தபா சொல்றது?"

"தீட்டை வெச்சி உறவு பாக்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

"எங்க நைனா செத்தப்ப ஊர்ல ஒருத்தரும் தீட்டு காக்கல. மறுநாளே எங்க பெரியப்பா வூட்டுல கறி வாங்கியாந்து துன்னாங்க. வாசனை எங்க வூட்டு வரைக்கும் வந்திச்சு. அன்னிக்குத்தான் மேடம், உறவுன்னா இன்னான்னு தெரிஞ்சிக்கினேன்."

மல்லிகா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவசங்கரி எழுந்தாள். மேஜைமேல் இருந்த கடிதத்தை நாலாக மடித்து ரமணாவின் சட்டைப் பையில் வைத்தாள். "இத நீயே கொளுத்திடு" என்றாள். ஹரிபாபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நாளைக்குக் கமிட்டிக்கு நான் எழுதித் தர்றேன் சார். என் பேர்ல." ஆகஸ்ட் ஒன்றாம் தேதியை அவள் அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலிக் குழாயை எடுத்து, பேனாவால் 32 என்று எழுதினாள்.

"இதுல நீ துப்பு."

"நான் எதுக்கு மேடம்? நான்தான் அந்த ஊர்ல சேத்தி இல்லையே."

"கசக்கற பாதி உங்க அம்மா குடுத்தது. இன்னொரு பாதி உங்க நைனாவோடது. அந்தப் பாதில அதே உடைப்பு இருக்கும். இருபத்தொன்பது பேருக்கு இருக்கறது உனக்கும் இருக்கும். அவங்க வேணாம்னு சொன்னாலும் அத எடுத்துட முடியாது."

"கங்கையாவுக்கு இருக்கறதா?"

"அவருக்கு இருக்கறதுதான். போய் வாய கொப்புளிச்சிட்டு வா. காகிதம் நக்கியிருக்க, அரை மணி நேரம் ஒண்ணும் துன்னாம உக்காரணும்."

போய்க் கொப்புளித்துவிட்டு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். ஹரிபாபு வீட்டுக்குக் கிளம்பிப் போனார். நாங்கள் மூன்று பேரும் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் எல்லோரும் சும்மா இருந்தோம்.

நேரம் ஆனதும் சிவசங்கரி குழாயைத் திறந்து நீட்டினாள். ரமணா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப, கங்கையா செத்தா நான் பதினாறு நாள் தீட்டு காக்கணுமா மேடம்?"

அவன் குழாயை வாயருகே கொண்டு போனான்.